சீனிப்போத்தலை ஒளித்து வைத்தால் போதுமா?

எங்கள் வீட்டுக் குசினியில் சீனிப்போத்தல் மேல்தட்டில், அரிசிமாப் பேணிக்குப் பின்னால் இருக்கிறது. அம்மாவுக்கு நீரிழிவு என்று தெரிந்த வாரம் நான்தான் அதை அங்கே தூக்கி வைத்தேன். ஆறு வருடமாகிறது. விருந்தாளிகள் வந்தால் மட்டும் போத்தல் கீழே இறங்கும். அம்மா குடிப்பது சீனி போடாத தேத்தண்ணி. ஆனாலும் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வாங்கியதும் அவருடைய முகம் வாடிவிடும். "சீனியைத் தொட்டு ஆறு வருசமாகுது பிள்ளை. பிறகும் ஏன் இது ஏறிக்கொண்டே போகுது?"

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மட்டும் இதே கேள்வியோடு நாலைந்து அம்மாமார் இருக்கிறார்கள். 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. கிராமங்களில் 8.7, நகரங்களில் 16.4. கொழும்பில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாலே இது தெரியும்: வட்டிலப்பம் வரும்போது கையை அசைத்து வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர்! அவர்களே சற்று முன்னர் இரண்டாம் தடவையாகச் சோறு வாங்கியிருப்பார்கள்.

இதற்கு ஒரு காரணம் நாம் அந்த நோய்க்கு வைத்த பெயர் என்று நினைக்கிறேன். டொக்டர்மார் நீரிழிவு என்கிறார்கள், பழைய ஆட்கள் சலரோகம் என்பார்கள். வீட்டில் நாங்கள் சொல்வது சீனி வருத்தம். போத்தலில் இருப்பதும் சீனி, இரத்தத்தில் கூடுவதும் சீனி. அப்படியென்றால் போத்தலை மூடினால் இரத்தத்தில் இருப்பது இறங்கவேண்டும்தானே?

இரண்டும் ஒரே பொருள் அல்ல. இரத்தத்தில் அளப்பது குளுக்கோஸ். போத்தலில் இருப்பது சுக்ரோஸ். அதாவது ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் சோடியாகப் பிணைந்த மூலக்கூறு. சிறுகுடலின் சுவரில் இருக்கும் சுக்ரேஸ் என்ற நொதியம் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். அதன்பிறகு இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. குளுக்கோஸ் இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் பரவுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அதைத் தசைகளுக்குள் அனுப்பப் பார்க்கிறது. பிரக்டோஸில் பெரும்பகுதியைக் குடலும் ஈரலுமே பிடித்துக்கொள்கின்றன. அதனால் இரத்தக் குளுக்கோஸை அளக்கும் மீற்றரில் அது அவ்வளவாகத் தெரியாது.

மாச்சத்து என்பது என்ன? குளுக்கோஸ் மணிகளை மட்டும் கோத்த நீண்ட மாலை. பாண், சோறு, இடியப்பம், பிட்டு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். சமிபாடு என்பது அந்த மாலையை அறுத்து மணிமணியாக உதிர்ப்பது. ஓர் உணவு இரத்தக் குளுக்கோஸை எவ்வளவு ஏற்றுகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் கிளைசீமிக் சுட்டி என்ற அளவை வைத்திருக்கிறார்கள். தனிக் குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், வெள்ளைப் பாணுக்குச் சராசரியாக 75, வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 73, சீனிக்கு 65. பிரக்டோஸுக்கு வெறும் 15. மாச்சத்துக் கிராமுக்குக் கிராம் சமமாக எடுத்து ஒப்பிட்டால் வெள்ளைப் பாண் சீனியை முந்துகிறது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. பாண் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இனிக்கவே இல்லையே" என்றார். சரி, ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள் என்றேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய புருவம் உயர்ந்தது. உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதியம் இருக்கிறது; அது மாலையை வாயிலேயே அறுக்கத் தொடங்கிவிடும். அறுந்து வரும் சின்னத் துண்டுகளைத்தான் நாக்கு இனிப்பாக உணர்கிறது. அவசரமாக விழுங்குவதால் நமக்கு அது தெரிவதில்லை. யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா வழக்கம்போலக் கால் றாத்தல் பாண் சாப்பிட்டார், பருப்புக்கறியோடு. சீனியில்லாத தேத்தண்ணி. இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்தி அளந்தால் 238 (ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று கணக்கு). சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது அவருக்குக் கிளினிக்கில் சொன்ன இலக்கு. கணக்கைப் பாருங்கள். றாத்தல் பாண் 450 கிராம். அதில் கால்வாசி 112 கிராம். பாணின் நிறையில் ஏறக்குறைய பாதி மாச்சத்து, ஆக 55 கிராம். அவ்வளவும் குளுக்கோஸாகத்தான் முடியும். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். அதில் குளுக்கோஸ் பாதி, 2 கிராம். ஆறு வருடமாக அந்த 2 கிராமை நானும் அம்மாவும் காவல் காத்திருக்கிறோம். இந்த 55 கிராம் ஒவ்வொரு இரவும் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் சீனி பாவம், வீணாகப் பழி சுமக்கிறது என்று சொல்லலாமா? அப்படியும் சொல்ல முடியாது. மீற்றரில் தெரியாத அந்த மற்றப் பாதி இருக்கிறதே, அதன் கதையைக் கேட்கவேண்டும்.

ஈரலுக்குள் குளுக்கோஸை எரிக்கும் பாதையில் ஒரு வாசல் உண்டு. உடம்பில் சக்தி போதுமானதாக இருந்தால் அந்த வாசலில் நிற்கும் நொதியம் வேகத்தைக் குறைத்துவிடும். பிரக்டோஸ் அந்த வாசல் வழியாக வருவதில்லை. அதைக் கடந்த இடத்தில் நுழைகிறது. ஆகவே தேவை இருக்கிறதோ இல்லையோ, வந்ததையெல்லாம் ஈரல் கையாண்டுதான் ஆகவேண்டும். கொஞ்சமாக வந்தால் பிரச்சினையில்லை: குளுக்கோஸாக மாற்றும், கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்தாக வைத்துக்கொள்ளும். தொடர்ந்து வெள்ளமாக வந்தால் ஒரு பங்கைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு ஈரலிலேயே தேங்கினால் ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போகும். இரவில் நாம் தூங்கும்போதும் அது குளுக்கோஸை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறுவயிற்றில் அளக்கும் அளவு ஏறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2009இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கிம்பர் ஸ்டான்ஹோப் குழுவினர் இதைச் சோதித்தார்கள். உடற்பருமன் கூடியவர்களில் ஒரு பகுதியினருக்கு 10 வாரம் குளுக்கோஸ் பானம், மற்றவர்களுக்குப் பிரக்டோஸ் பானம். இரண்டு பக்கமும் எடை ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. ஆனால் பிரக்டோஸ் குடித்தவர்களுக்கு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறைந்தது. ஒன்றை மறக்கக்கூடாது: அவர்கள் குடித்தது நாளாந்தச் சக்தித் தேவையில் 25 சதவீதம். தேத்தண்ணியில் ஒரு கரண்டி போடுபவர் அந்த அளவை நெருங்கவே மாட்டார். நாளுக்கு இரண்டு போத்தல் சோடா குடிக்கும் இளம் பிள்ளையும் அதை எட்டமாட்டார், ஆனால் அந்தக் கரண்டிக்காரரைவிட வெகுதூரம் போய்விடுகிறார்.

சோடாவைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 15 பேரைக் கொண்டு ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஒரு மாதம் தினமும் 450 கலோரி அளவு ஜெலி இனிப்புகள்; இன்னொரு மாதம் அதே 450 கலோரி சோடாவாக. இனிப்பு சாப்பிட்ட மாதத்தில் அவர்கள் தங்களை அறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த மாதத்தில் குறைக்கவேயில்லை, எடை கூடியது. மென்று விழுங்கியதை உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது, குடித்ததைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை. 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தினமும் ஒரு இனிப்புப் பானம் குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உடற்பருமனைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் 13 சதவீதம் மிஞ்சியது.

இந்த விஷயத்தில் நம் நாடு நல்ல காரியம் ஒன்று செய்தது. 2016 ஆகஸ்ட் முதல் போத்தல் பானங்களில் சீனி அளவை நிறவட்டத்தால் காட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரியும் அறிவித்தார்கள். ஆனால் மஞ்சள் வட்டத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். காலி வீதிக் கடையொன்றில் நான் திருப்பிப் பார்த்த 400 மில்லிலீற்றர் போத்தலில் மஞ்சள் வட்டம்தான். 100க்கு 9 கிராம் என்று போட்டிருந்தது. முழுப் போத்தலுக்கு 36 கிராம், ஒன்பது தேக்கரண்டி. ஒன்பது கரண்டி போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது. சோடாவில் குளிரும் புளிப்பும் காஸும் சேர்ந்து அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சீனிக்குச் சொன்ன எல்லை, நாளாந்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், பன்னிரண்டு கரண்டி. 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்கள். இந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேரும். முழுப் பழமும் பாலும் சேராது. கொய்யாவைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் மெல்லும் நேரமும் சேர்ந்து சீனியை மெதுவாக விடும். பிழிந்து வடித்துக் குடித்தால் அந்த வசதி போய்விடுகிறது.

எங்கள் ஆட்களிடம் சொல்லக் கஷ்டமான இடம் பனங்கட்டி. அம்மாவின் சின்ன வயதில், 1970களில், சீனி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணியும், கையில் ஒரு துண்டு பனங்கட்டியும். கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். அந்த நினைவாலோ என்னவோ, பனங்கட்டி உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை அவரிடம் அசையவில்லை. கித்துள் கருப்பட்டி, சிவப்புச் சீனி பற்றியும் இதே பேச்சுத்தான் கேட்கிறேன். இவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். கூட இருக்கும் கனிமங்கள் உடம்புக்குப் பயன்படும் அளவுக்குச் சேரவேண்டுமென்றால் கட்டி கட்டியாகச் சாப்பிடவேண்டும். மணம் உண்மை, ருசி உண்மை. ஆனால் குடலில் இருக்கும் சுக்ரேஸுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்று மட்டும் பனங்கட்டிக்குச் சார்பாகச் சொல்வேன்: கடித்துக் குடிக்கும்போது அளவு தானாகக் குறைகிறது. எங்கள் வீட்டுத் தராசில் அம்மா ஒரு கோப்பைக்கு எடுக்கும் துண்டு 5 கிராம். விருந்தாளிக்கு நான் குவித்து அள்ளும் கரண்டி 7 கிராம், அதுவும் இரண்டு கரண்டி.

கூப்பன் காலம் என்றதும் இன்னொன்று. பிரித்தானியாவில் போர்க்காலச் சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் முடிந்தது; உடனே ஆட்கள் சாப்பிடும் சீனி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024இல் ஆய்வொன்று வந்தது. கருவிலிருந்து இரண்டு வயதுவரை பங்கீட்டுக்குள் வளர்ந்தவர்களுக்கு நடுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து ஏறக்குறைய 35 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு வயதுக் குழந்தையின் பாலில் சீனி கரைப்பதை நான் இன்னும் பல வீடுகளில் பார்க்கிறேன். இந்த எண்ணை அந்தத் தாய்மாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பல்லைப் பொறுத்தவரை சீனியின் மேல் உள்ள குற்றச்சாட்டு முழுக்கச் சரி. வாயில் இருக்கும் பக்டீரியா அதை அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கிறது. எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட பிள்ளைகள் துள்ளுவதற்குச் சீனிதான் காரணம் என்பது அப்படியல்ல. 1995இல் 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் கூட்டத்தில் துள்ளுகிறார்கள், அவ்வளவுதான்.

சீனிக்காரர்கள் தங்கள் பொருளின் பெயரைக் காப்பாற்றப் பணம் செலவழித்ததும் வெளியே வந்திருக்கிறது. 1960களில் அமெரிக்கச் சீனி ஆய்வு மன்றம் ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்குக் கொழுப்பே காரணம் என்று சீனியைப் பின்னுக்குத் தள்ளும் கட்டுரை ஒன்றை எழுதுவித்தது. அது 1967இல் வெளியானது. பணம் வந்த இடம் கட்டுரையில் சொல்லப்படவில்லை. 2016இல்தான் ஆவணங்களோடு தெரியவந்தது. இன்று பலர் சீனியை நஞ்சு என்றே சொல்வதற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது. கோபம் நியாயம். ஆனால் நஞ்சு என்ற சொல் சரியில்லை. சக்தி அளவை மாற்றாமல் சீனிக்குப் பதில் வேறு மாச்சத்தைக் கொடுத்த சோதனைகளில் உடல் எடை மாறவில்லை என்று 2013இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக வந்து சேரும் சீனிதான் எடையைக் கூட்டியது.

டொக்டரிடம் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு இரவு அளந்தோம். பாண் பாதியாகக் குறைந்தது, இரண்டு அவித்த முட்டை, ஒரு கோப்பை வல்லாரைச் சம்பல், வெறுந்தேத்தண்ணியோடு அந்த 5 கிராம் பனங்கட்டி. மீற்றர் 171 காட்டியது. ஒருவரின் ஓர் இரவு அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கொப்பியில் திகதியைப் போட்டு, எண்ணை எழுதி, பக்கத்தில் "பாண் 2 துண்டு" என்று குறித்துவைத்தார்.