“மேம், ரியலா இருக்கணும் மேம்!”

போன மாதம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடப் பிள்ளைகள் எடுத்த படங்களுக்கு வைவா, அதாவது நேர்முகத் தேர்வு. வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் தேர்வாளராகப் போயிருந்தேன். நான்காவதாக வந்த குழுவின் ஹீரோ வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றான்.

“என்னப்பா ஆச்சு?”

“மொட்டை மாடி ஜம்ப் மேம். ரியலா இருக்கணும்னு டூப் இல்லாம நானே பண்ணேன்.”

சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. பக்கத்தில் நின்ற இயக்குநர் பையன் முகத்தில் அதைவிடப் பெருமை.

படத்தைப் போட்டார்கள். அந்த ஜம்ப் வந்தது. ஒன்றரை விநாடி. எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, மொபைலில் வைடாக எடுத்திருந்தார்கள். இரண்டு மாடிக்கும் நடுவே ஆறடி இடைவெளியாம், கீழே மூன்று மாடி ஆழமாம். திரையில் யாரோ வாசல்படியைத் தாண்டுகிற மாதிரி இருந்தது. தூரமும் தெரியவில்லை, உயரமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டு மட்டும்தான்.

இந்த வருடத்தில் இது மூன்றாவது. முன்னால் ஒரு பையன் முதுகில் நிஜ டியூப் லைட்டை உடைத்துத் தையலோடு வந்தான். இன்னொருவன் பைக்கில் முன் சக்கரத்தைத் தூக்கி முழங்கால் தோலை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: ரியலா இருக்கணும் மேம்.

நான் பதினாறு வருடமாக எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். ஆக்‌ஷன் படங்களும் வெட்டியிருக்கிறேன், டிரெய்லர்களும் வெட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கு வலி தெரியாது. நீங்கள் நிஜமாகவே அடி வாங்கினீர்களா என்பது அதற்கு ஒரு தகவலே கிடையாது. அதற்குத் தெரிந்தது லென்ஸ், கோணம், வெளிச்சம். நிஜமாக ஒருவன் கன்னத்தில் குத்தி, அதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். தலை லேசாக ஆடும், அவ்வளவுதான். பார்க்கவே சப்பென்று இருக்கும். அதே குத்தை ஒரு சாண் தள்ளிக் காற்றில் விடச் சொல்லுங்கள். கேமராவை அடி வாங்குபவனின் தோளுக்குப் பின்னால், நாங்கள் சஜஷன் என்று சொல்கிற இடத்தில் வையுங்கள். லென்ஸ், முகம், வருகிற கை மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் அந்த ஒரு சாண் காணாமல் போய்விடும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் இன்னும் நெருங்கிவிடும்.

அப்புறம் சத்தம். ஈரத் துண்டைச் சுருட்டித் தரையில் அடித்தால் அதுதான் உங்கள் குத்து. எலும்பு முறிய வேண்டுமா, ஒரு முருங்கைக்காயை மைக் பக்கத்தில் வைத்து ஒடியுங்கள். மொத்தச் செலவு பத்து ரூபாய் ஆகுமா? சண்டையில் பாதி காதில்தான் நடக்கிறது. ஒரு சண்டைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாரும் ஏதோ டான்ஸ் ஒத்திகை பார்க்கிற மாதிரி இருக்கும்.

சேஸிங்கும் இதே கதைதான். விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 18-ல் எடுத்து 24-ல் ஓட்டினால், 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் 40-ல் போவதாகத் தெரியும். கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, சுவரையோ நிறுத்தி வைத்த வண்டிகளையோ ஒட்டிப் போனால் அதற்கு மேலும் தெரியும். க்ளோஸப்புக்கு வண்டி ஓடவே வேண்டாம். ராத்திரியில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன். ஒருவன் பின்னால் உட்கார்ந்து வண்டியை ஆட்டட்டும். இரண்டு பேர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மாறி மாறி ஓடட்டும். தெருவிளக்குகள் கடந்து போகும், தலைமுடி பறக்கும், ஹீரோ ஹெல்மெட் போட்டிருந்தால் கண்ணாடியில் வெளிச்சம் வழுக்கும். பெரிய படங்களிலேயே இப்படிச் செய்கிறார்கள். மாணவர்கள் செய்தால் மட்டும் கௌரவக் குறைச்சலாம்!

இதைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும். “ஜாக்கி சான் நிஜமா குதிப்பாரே மேம்?” குதிப்பார். ஏழு வயதில் ஹாங்காங்கில் ஒரு ஓபரா பள்ளியில் சேர்ந்து, பத்து வருடம் உடம்பை வளைத்துப் பயிற்சி எடுத்துவிட்டுக் குதித்தார். அப்படியும் 1980களில் யூகோஸ்லாவியாவில் ஒரு மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்து, அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். நீங்கள் போன வாரம் யூடியூப் பார்த்துவிட்டுக் குதிக்கிறீர்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் அனுபவம் மிக்க ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்தார். ஸ்டண்ட் மாஸ்டர், ஃபைட்டர்கள், பாதுகாப்புக்கு ரோப், விழுவதற்கு பெட் எல்லாம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கே இந்த நிலை. உங்களிடம் இருப்பது கேமரா ஆடாமல் பிடிக்கிற ஒரு கிம்பலும் நாலு நண்பர்களும்.

சரி, இதெல்லாம் ஏன் படப்பிடிப்பு நாளில் முடிவாகிறது? பேப்பரில் வேலை நடக்கவில்லை, அதனால்தான். ஸ்கிரிப்டில் “இருவரும் மோதிக்கொள்கிறார்கள்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதியிருந்தால், எந்த ஷாட்டிலும் யாரும் நிஜமாக விழ வேண்டியதில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

பேப்பரில் விட்டுப்போகிற இன்னொரு விஷயம், யார் பார்க்கப் போகிறார்கள் என்பது. மாவுக்கட்டுக் குழுவின் ப்ராஜெக்ட் ஃபைலில் “டீன் ஏஜ் ஆக்‌ஷன் படம்” என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. மார்க்கெட்டிங் பகுதியைத் திறந்தால், டார்கெட் ஆடியன்ஸ்: 13 முதல் 60 வரை, அனைத்துத் தரப்பினரும். எந்தச் சான்றிதழுக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் கழுத்தறுக்கிற காட்சி க்ளோஸப்பில் இருக்கிறது. ‘ஏ’ கிடைத்தால் 18 வயதுக்குக் கீழே யாரும் தியேட்டருக்குள் வர முடியாது. தன் ரசிகர்களையே வாசலில் நிறுத்திவிட்டு ஒரு டீன் ஏஜ் படமா? முன்பு, பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்கிற ‘யுஏ’ ஒன்றே ஒன்று இருந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதுவே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகிவிட்டது. இதில் எது என்பதை ஸ்கிரிப்ட் எழுதும்போதே முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு ரத்தம், எந்த ஆயுதம், போஸ்டரில் என்ன காட்டலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

ரிலீஸ் தேதி? மார்ச் முதல் வாரம். பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிற வாரம்! அந்தப் பரீட்சை எழுதுகிறவர்களும் அவர்களின் தம்பி தங்கைகளும்தான் உங்கள் ரசிகர்கள். வீட்டில் கேபிளையே கழற்றி வைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 2012-ல் வந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’. பதின்வயதுப் பிள்ளைகளை ஒரு களத்தில் விட்டு, ஒருவரையொருவர் கொல்ல வைக்கிற கதை. பார்க்க வேண்டியவர்களும் அதே வயதுக்காரர்கள். அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ், அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்து அனுப்ப வேண்டும். பிரிட்டனில், 12 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடு வரலாம் என்கிற 12ஏ வாங்குவதற்காக ஏழு விநாடிக்குத் திருத்தினார்கள். காயத்திலும் ஆயுதத்திலும் தெரிந்த ரத்தத்தை டிஜிட்டலாக அழித்தார்கள், அவ்வளவுதான். கதை அப்படியே நின்றது, பயமும் அப்படியே நின்றது. விளம்பரத்தில், படத்தை எடுத்து வெளியிட்ட லயன்ஸ்கேட் நிறுவனம் ஒரு படி மேலே போனது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்வதை எந்த விளம்பரத்திலும் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். போஸ்டரை 100 துண்டாக வெட்டி 100 இணையதளங்களுக்குக் கொடுத்து, ரசிகர்களைத் தேடிச் சேர்க்க வைத்தார்கள். வட அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் 15 கோடி டாலருக்கு மேல். டிரெய்லர் வெட்டுகிறவளாகச் சொல்கிறேன், கையில் இருக்கிற பெரிய சண்டையைக் காட்டாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

நம் பிள்ளைகளின் மார்க்கெட்டிங்கோ, மறுபடியும் “ரியலா இருக்கணும்”. படத்தில் ஒரு கடத்தல் காட்சி. முகமூடி போட்டுக்கொண்டு, பொம்மைத் துப்பாக்கியோடு, பட்டப்பகலில் ஒரு தெருவில் எடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. அது ஒரு தப்பு. அந்தக் காட்சியின் முப்பது விநாடியை டைட்டில் இல்லாமல், சிசிடிவி மாதிரி நிறம் மாற்றி, வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அதற்கு ஃபைலில் பெயர் “வைரல் ஸ்ட்ராட்டஜி”. இரண்டு நாளில் அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவுக்குப் போய், போலீஸ் கல்லூரிக்கு வந்துவிட்டது. ரீச் நன்றாக இருந்தது என்று அதையும் ஃபைலில் எழுதியிருந்தார்கள்.

2018-ல் இவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய குழந்தை கடத்தல் வீடியோக்களில் ஒன்றில், பைக்கில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வு விளம்பரம். நடித்து எடுத்தது. கடைசியில் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிச் சில விநாடிகளை வெட்டிவிட்டார்கள். அந்த வதந்தி அலையில்தான் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன 65 வயது அம்மா ஒருவரை ஊர் கூடி அடித்தே கொன்றது. அவர் செய்தது, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. என் தொழிலில் ஒரு கட் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் பாடம் எடுப்பதுண்டு. இந்தக் கட்டைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் சரியாக வருவதில்லை.

ஆகவே தயவுசெய்து, டீஸர் என்றால் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஓரத்தில் படத்தின் பெயர் இருக்கட்டும். வெட்டினாலும் கூடவே வர வேண்டும். காணவில்லை போஸ்டர், பொய்யான விபத்துச் செய்தி, அழுதுகொண்டே லைவ், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தெருவில் எடுப்பதானால் உள்ளூர் காவல் நிலையத்தில் கல்லூரிக் கடிதம் கொடுங்கள், எதிர்வீட்டுப் பாட்டிக்கும் சொல்லுங்கள். தண்டவாளம் பக்கம் போகவே கூடாது. அனுமதியில்லாமல் உள்ளே போவது ரயில்வே சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை. ரயில் வருகிற சத்தம் கேட்கும் என்று நினைக்கிறீர்கள், ஹெட்ஃபோன் மாட்டின ஆளுக்குக் கேட்காது. பதினேழு வயதுத் தம்பியை பைக் ஓட்ட வைத்து எடுத்து ஏதாவது ஆனால், வண்டியைக் கொடுத்த அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. பதினான்கு வயதுக்குக் கீழே குழந்தைகளை நடிக்க வைத்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இன்ஸ்டாவில் 13 முதல் 17 வயதுக்காரர்களை டார்கெட் செய்து விளம்பரம் என்று எழுதுகிறவர்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குறிவைத்த விளம்பரம் கூடாதென்று 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை ஒருமுறை படியுங்கள். பாட்டு பத்து விநாடி வரை போட்டுக்கொள்ளலாம் என்பது யார் கிளப்பிவிட்டதோ, அப்படி ஒரு விதியே கிடையாது. வகுப்பில் போட்டுக் காட்டுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு.

துறைத் தலைவர்களிடமும் ஒன்று. “டெடிகேஷன்” என்று சொல்லி அந்தக் கட்டுக்கு மார்க் போடாதீர்கள். ஒரு கல்லூரியில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

மாவுக்கட்டுப் பையனின் குழுவை நான் ஃபெயில் ஆக்கவில்லை. அந்த ஜம்ப்பை மட்டும் ஒரு வாரத்தில் திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹாஸ்டல் பின்பக்கம் துணி துவைக்கிற கல் இருக்கிறது, இரண்டடி உயரம். ஓடி வருகிற கால் ஒரு ஷாட். கல்லுக்குக் கீழே ஒருவன் மொபைலோடு படுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, அதே சட்டை போட்ட நண்பன் தாண்டுவதை ஒரு ஷாட். யாரும் குதிக்காமல், கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கீழே தெருவை மட்டும் ஒரு ஷாட். ஹீரோவின் முகம், கட்டு தெரியாமல் இடது பக்கத்திலிருந்து. ஹாஸ்டல் மெத்தை மேல் கோணியை விரித்து, அந்த நண்பன் வந்து விழுவது கடைசி ஷாட். மொத்தம் நாலரை விநாடி வந்தது. நானே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன். நடுவில் ஒரு மூச்சுச் சத்தமும், ஒரு நொடி அமைதியும் வைத்தேன்.

துறைத் தலைவருக்கு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் எனக்கு ஃபோன். “என்ன மேடம் நீங்க, அந்தப் பையனைத் திரும்பவும் மாடியில ஏத்திட்டீங்களா?”