அழுத்திப் பேசுவதா, அமுக்கிப் பேசுவதா? 'புஷ் டு டாக்': சொல் விளக்கம்

தளத்தில் வேலை செய்யும் குழு ஒன்றுக்கான பயிற்சி அட்டையைத் தமிழாக்கித் தரும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. இரண்டே பக்கம். வாக்கி-டாக்கிக் கருவியின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பொத்தானுக்குப் பெயர் 'புஷ் டு டாக்'. இயந்திர மொழிபெயர்ப்பு அதை 'பேசுவதற்குத் தள்ளவும்' என்று ஆக்கியிருந்தது. யாரைத் தள்ளுவது, எங்கே தள்ளுவது என்று சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு 'அழுத்திப் பேசவும்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மேற்பார்வையாளர், "ஏன் சார், மெதுவாகப் பேசினால் கேட்காதா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. 'அழுத்திச் சொன்னார்', 'அழுத்தம்திருத்தமாகப் பேசினார்' என்று நாம் சொல்லும்போது விரலுக்கு அங்கே வேலையே இல்லை, குரலுக்குத்தான் வேலை. சரி, பேச்சுவழக்கில் உள்ள 'அமுக்கு' என்ற சொல்லைப் போடலாமா என்றால் அது இன்னும் மோசம். விஷயத்தை அமுக்கிவிட்டார்கள் என்றால் வெளியே தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று பொருள். ஆக, 'அழுத்திப் பேசு' என்றால் சத்தமாகப் பேசு, 'அமுக்கிப் பேசு' என்றால் மறைத்துப் பேசு! 'பொத்தான்பேசி' என்று வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதைக் கேட்பவருக்குத் தொடுதிரை இல்லாத பழைய பட்டன் போன்தான் நினைவுக்கு வரும்.

சொல்லைத் தேடுவதற்கு முன் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கையடக்க வயர்லெஸ் கருவிக்குள் பேச்சை அனுப்பும் பகுதியும் வாங்கும் பகுதியும் ஒரே ஆன்டெனாவைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பொத்தானை அழுத்தினால் ஆன்டெனா அனுப்பும் பக்கம் சேரும், வாங்கும் பக்கம் ஊமையாகிவிடும். விரலை எடுத்தால் திரும்பவும் வாங்கும் பக்கம். ஏன் இரண்டையும் ஒன்றாக ஓட விடுவதில்லை? கருவி அனுப்புவது சுமார் 5 வாட். தொலைவிலிருந்து அதற்கு வந்து சேரும் அலையின் வலிமையோ அதில் பல கோடி கோடியில் ஒரு பங்கு. பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது தொலைவில் எறும்பு ஊர்வதைக் கேட்க முயல்வது போலத்தான். அதனால் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும். அப்புறம் முறை மாறும்.

இதற்கு நூல்களில் 'சிம்ப்ளெக்ஸ்', 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' என்று இரண்டு பெயர்கள் உண்டு. போகவும் வரவும் ஒரே அதிர்வெண் என்றால் முன்னது. பேச்சை வாங்கி மீண்டும் பலமாக அனுப்பும் ரிப்பீட்டர் வைத்து, போக ஒன்று வர ஒன்று என்று பிரித்தால் பின்னது. பேசுபவரின் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் 'அரை இருவழி' என்று சிலர் எழுதுகிறார்கள். அரையை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் புரியாது. இதற்கு நம்மிடம் நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது: முறை. ஒரே வாய்க்காலில் வரும் தண்ணீரை வயலுக்கு வயல் மாற்றிப் பாய்ச்சுவதை முறைப்பாசனம் என்கிறோம். ஒரே அலைவரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசினால் அது முறைப்பேச்சு. (முறைத்துக்கொண்டு பேசுவது என்று எடுத்துக்கொள்பவர்களும் இருப்பார்கள். சில கட்டுப்பாட்டு அறைகளில் அதுவும் பொருந்தும்.)

'இருவழி' என்ற அடைமொழி எதற்கு என்று இன்று தோன்றலாம். ஒரு காலத்தில் ஒருவழிதான் இருந்தது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை கார்களில் வயர்லெஸ் பொருத்தியபோது, தலைமையிடம் சொல்வதைக் காரில் இருப்பவர் கேட்க மட்டுமே முடிந்தது. கேட்டது புரிந்தது என்று சொல்லக்கூட அவர் இறங்கி ஒரு தொலைபேசியைத் தேட வேண்டும். காரிலிருந்தே பதில் பேசும் வசதியை நியூ ஜெர்சியின் பேயோன் நகரக் காவல்துறை 1933இல் கொண்டுவந்தது. அந்தப் பதிலுக்குக் கிடைத்த பெயர்தான் 'டூ வே'. 'டூ வே ரேடியோ'வை 'இருவழி வானொலி' என்று எழுதுகிறோம். இலக்கணம் சரி, ஆனால் வானொலி என்றதும் தமிழருக்குப் பாட்டும் செய்தியும்தான் காதில் விழுகின்றன. 'அலைபேசி' என்ற சொல்தான் இந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அதை மொபைல் போனுக்குக் கொடுத்துவிட்டோம், இனித் திருப்பிக் கேட்க முடியாது.

வாக்கி-டாக்கியின் கதையும் பெயர் கைமாறிய கதைதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காக, பின்னாளில் மோட்டோரோலா ஆன கால்வின் நிறுவனம் இரண்டு கருவிகள் செய்தது. முதுகில் சுமக்கும் எஸ்சிஆர்-300 சுமார் 15 கிலோ எடை. அதைச் சுமந்து நடந்துகொண்டே பேசலாம் என்பதால் அதுதான் 'வாக்கி-டாக்கி'. கையில் பிடிக்கும் எஸ்சிஆர்-536க்கு 'ஹேண்டி-டாக்கி' என்று பெயர். போர் முடிந்து மூட்டை போனது, கைக்கருவி நின்றது, மூட்டையின் பெயர் கைக்கருவிக்கு வந்தது. இதை 'நடைபேசி' என்று தமிழாக்கியிருக்கிறார்கள், அழகான சொல். வேடிக்கை என்னவென்றால் 'செல்பேசி'யையும் தமிழ்க் காதால் கேட்டால் 'செல்கிற பேசி' என்றுதான் ஒலிக்கும். அந்தச் 'செல்' உண்மையில் சிற்றறை. 1947இல் பெல் ஆய்வகத்தில் நகரத்தை அறுகோணச் சிற்றறைகளாகப் பிரித்து, ஒரே அதிர்வெண்ணை விட்டுவிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் யோசனையை எழுதினார்கள். அந்த அறைக்குக் கிடைத்த பெயர் தமிழுக்கு வந்ததும் நடக்கத் தொடங்கிவிட்டது. வேலைத்தளங்களில் எல்லாம் சுருங்கி இன்று 'வாக்கி' மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'வாக்கு' பக்கத்திலேயே இருப்பதால் அது அந்நியமாகவும் ஒலிப்பதில்லை.

முறையை மாற்றுவதற்கு ஒரு சொல் வேண்டுமே, அதுதான் 'ஓவர்'. நம் ஊடகங்களில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இது என்பேன். ஆட்டம் ஓவர் என்றால் முடிந்தது. ஆனால் வயர்லெஸ்ஸில் 'ஓவர்' என்றால் என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை, பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள். பேச்சே முடிந்தால் 'அவுட்'. 'ஓவர் அண்ட் அவுட்' என்று யாராவது சொன்னால் 'பதில் சொல்லுங்கள், ஆனால் நான் போய்விட்டேன்' என்கிறார் என்று அர்த்தம். 'ரோஜர்' என்பது யாருடைய பெயரும் இல்லை. பழைய எழுத்துக்கூட்டில் ஆர் என்ற எழுத்துக்கு வைத்த அடையாளம் அது. ஆர் என்றால் 'ரிசீவ்டு', கிடைத்தது. 1956இல் எழுத்துக்கூட்டு மாறி அந்த எழுத்துக்கு 'ரோமியோ' வந்துவிட்டார். பதில் சொல்லும்போது மட்டும் ரோஜர் அசையவில்லை.

முறை தவறினால் என்ன ஆகும்? எஃப்எம் கருவிகளில் இருவர் ஒரே சமயத்தில் அழுத்தினால் பலமான அலை மற்றதை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது, சொன்னது போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். விமானங்களில் உள்ள ஏஎம் முறையில் இரண்டு அலைகளும் உரசிக் கிரீச்சிடும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் நடந்தது அதுதான். மூடுபனியில் கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. காத்திருங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரமும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திப் பேசின. கேஎல்எம் விமானி அறையில் அந்தச் சில நொடிகளும் ஒரு கிரீச்சொலியில் மூழ்கிப்போயின. இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர். விபத்துக்குக் காரணங்கள் பல; இதுவும் அவற்றில் ஒன்று.

முறையைப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒருவர் இருந்தால்? இங்கேதான் 'புஷ் டு டாக்' என்ற பெயர் அப்படியே நிற்க, அதன் பொருள் நகர்ந்துவிடுகிறது.

சாதாரண வயர்லெஸ்ஸில் அழுத்தினால் பேச்சு போகும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1995இல் தரப்படுத்தப்பட்ட டெட்ரா போன்ற, சில அலைவரிசைகளைப் பல குழுக்கள் பங்குபோட்டுக்கொள்ளும் டிரங்கிங் அமைப்புகளில் அழுத்துவது ஒரு விண்ணப்பமாகிவிட்டது. கட்டுப்பாட்டு அலைவரிசையில் கோரிக்கை போய், காலியான இடம் ஒதுக்கப்பட்டு, ஒரு பீப் வந்த பிறகே பேச்சு. செல்பேசி வலையில் ஓடும் 'புஷ் டு டாக்'கிலும் இதே கதைதான், இன்னும் ஒரு படி கூட. 1990களில் நெக்ஸ்டெல் என்ற செல்பேசி நிறுவனம் அமெரிக்காவில் இதைப் பரப்பியது. அந்த வலை 2013 ஜூன் 30இல் மூடப்பட்டது. அதற்குள் 2006இல் திறந்த தரம் ஒன்று வந்துவிட்டது. செல்பேசி வலைகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி என்ற அமைப்பு 2016இல் மீட்பு, காவல் பணிகளுக்கென்று தனித் தரமே எழுதியது. அதில் ஒரு நிபந்தனை: 100க்கு 95 முறையாவது, அழுத்தியதிலிருந்து 300 மில்லிநொடிக்குள் பேச அனுமதி கிடைக்க வேண்டும்.

அந்த அனுமதியைத் தரும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளோர் கன்ட்ரோல்' என்று பெயர். 'தரைக் கட்டுப்பாடு' என்று எழுதிவிடாதீர்கள். அது நாடாளுமன்றச் சொல். அவையில் பேசும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் 'ஃப்ளோர்' இருக்கிறது என்பார்கள். நம் சட்டமன்றச் செய்திகளில் இதற்குச் சரியான தமிழ் தினமும் வருகிறது: பேச வாய்ப்புக் கேட்டார், வாய்ப்புத் தரப்பட்டது, வாய்ப்பு மறுக்கப்பட்டது. ஆகவே 'பேச்சுவாய்ப்பு'. சர்வர்தான் சபாநாயகர். ஒருவர் பேசும்போது இன்னொருவர் அழுத்தினால் மறுப்பு ஒலி வரும். ஆபத்து அழைப்பு வந்தால் பேசிக்கொண்டிருப்பவரிடமிருந்து வாய்ப்பைப் பறித்துக் கொடுக்கும். பொத்தான் எங்கோ மாட்டிக்கொண்டு அழுந்தியே கிடந்தாலும் சர்வரே வெட்டிவிடும். (வயர்லெஸ்ஸில் இதற்குக் கருவிக்குள் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. அதை யாரோ அணைத்துவைத்திருந்தால் குழு முழுக்க ஒருவருடைய சட்டைப்பை உரசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.)

அப்படியென்றால் பழைய வயர்லெஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. 4ஜி செல்பேசி அனுப்புவது பெரும்பாலும் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான். அதன் பலமெல்லாம் அருகில் உள்ள கோபுரத்தில் இருக்கிறது. கோபுரம் படுத்தால், கூட்டத்தில் வலை திணறினால், சுரங்கத்துக்குள் போனால் சபாநாயகரும் இல்லை, சபையும் இல்லை. வயர்லெஸ் கருவிகள் இரண்டு எதிரெதிரே இருந்தாலே போதும், பேசிக்கொள்ளும். ஆனால் நகரம் தாண்டிப் போன லாரியை அவை எட்டாது, செல்பேசி எட்டும். அதனால் பல குழுக்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, நடுவில் கேட்வே என்ற இணைப்புக் கருவி ஒன்றைப் போட்டு, இந்தக் குழுவின் பேச்சு அந்தக் குழுவுக்கும் போகும்படி இணைத்துவிடுகின்றன. இணைத்த பிறகும் காலதாமதம் இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. பீப் வருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தால் தலை வெட்டுப்படும். பேசி முடிக்கும் முன் விரலை எடுத்தால் வால் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும். தமிழில் அது கடைசியில் வரும். 'மூன்றாம் வால்வைத் திறக்க வேண்டாம்' என்று ஒருவர் சொல்கிறார். வேலை அவசரத்தில் கட்டைவிரல் அரை நொடி முந்திவிடுகிறது. மறுமுனையில் கேட்பது: 'மூன்றாம் வால்வைத் திறக்க'. உயிரைக் காக்கும் சொல் வாலில் இருக்கிறது.

இனிப் பெயருக்கு வருகிறேன். 'அழுத்திப் பேசு' என்று வினையெச்சமாக வைத்தால்தான் குரலை உயர்த்தச் சொல்வது போல ஆகிறது. 'ஊறுகாய்', 'சுடுசோறு' போல வினைத்தொகையாக்கி 'அழுத்துபேச்சு' என்றால் அது ஒரு பொருளின் பெயராகிவிடும், குழப்பம் குறைகிறது. நடுவில் 'ப்' போடக் கூடாது, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. பொத்தானுக்குப் 'பேச்சுப் பொத்தான்', செல்பேசி வலையில் ஓடுவதற்குச் 'செல்பேசிவழி அழுத்துபேச்சு', ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு 'முறைப்பேச்சு', ஃப்ளோருக்குப் 'பேச்சுவாய்ப்பு'. வாக்கியை வாக்கியாகவே விட்டுவிடலாம். தளத்தில் பலர் 'புஷ் டு டாக்'கை முதலெழுத்துகளால் 'பிடிடி' என்றே சொல்கிறார்கள். அதிலும் ஒரு 'பிடி' இருக்கிறது, பிடித்திருக்கும்வரைதானே பேச்சு. அதையும் நான் திருத்துவதில்லை.

அந்தப் பயிற்சி அட்டையைக் கடைசியில் இப்படி முடித்துக் கொடுத்தேன்: 'பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும். பீப் கேட்ட பிறகு பேசவும். செய்யக் கூடாத வேலை என்றால் வேண்டாம் என்பதை முதலிலும் கடைசியிலும் சொல்லவும். பேசி முடித்து ஒரு நொடி கழித்து விரலை எடுக்கவும்.' மேற்பார்வையாளர் படித்துவிட்டு, வேண்டாம் என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.