சர்க்கரை நார்மல், இன்சுலின்?

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த இரண்டு பேர். இருவருக்கும் சர்க்கரை 95. ரிப்போர்ட்டைப் பார்த்தால் இருவரும் நார்மல்தான். இன்சுலினையும் அளந்தால் ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 15. அதே 95-இல் நிற்க இரண்டாமவரின் கணையம் அதிகமாகப் பாடுபடுகிறது. தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. பெருங்குடல் புற்று ஆபத்தோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது.

சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுத்தால், இந்த எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா-ஐஆர் என்ற எண் கிடைக்கும். முதலாமவருக்கு 1.2, இரண்டாமவருக்கு 3.5.

சரி, இதில் பெருங்குடல் எங்கே வருகிறது? இன்சுலின் சொல்படி சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும் பாதை மந்தமானாலும், ‘வளர், பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும் பாதை பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. பெருங்குடலின் உட்சுவர் முழுக்க நுண்ணிய குழிகள். குழியின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலேறி, சில நாட்களில் உதிர்ந்துவிடும். இப்படி ஓயாமல் செல் பிரியும் இடத்தில் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது பிழை விழ வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைக் கட்டி வைக்கும் சில புரதங்கள் குறைகின்றன. கட்டவிழ்ந்த ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருக்குவதோடு, சாக வேண்டிய செல்லையும் சாகவிடாமல் தடுக்கிறது. பிழை விழுந்த செல் தப்பிப் பெருகினால் பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டி, ஆகலாம். சில பாலிப்கள் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறுகின்றன.

என்னை நம்ப வைத்தது சி-பெப்டைட் சொல்லும் சாட்சி. கணையம் ஒவ்வொரு இன்சுலினைச் செய்து முடிக்கும்போதும் வெட்டி விடும் துண்டு அது. இன்சுலினில் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. சி-பெப்டைடை அப்படிப் பிடிப்பதில்லை. அதனால் கணையத்தின் உழைப்பு அதில் தெளிவாகத் தெரியும். அமெரிக்க ஆண் மருத்துவர்கள் நோய் வருவதற்கு முன்பே கொடுத்த ரத்தத்தை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. சி-பெப்டைட் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடப் பெருங்குடல் புற்று ஆபத்து 2.7 மடங்கு இருந்தது.

ஹோமா கூடினால் புற்று வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புற்றைக் கண்டுபிடிக்க மலப் பரிசோதனையும் கொலோனோஸ்கோபியும்தான். ஆனால் பின்கழுத்தில் வெல்வெட் போலத் தடித்த கருமை தெரிந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், நடங்கள். நடக்கையில் சுருங்கும் தசை இன்சுலின் உதவியில்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கணையத்தின் சுமை அந்த அளவுக்கு இறங்கும்.