வீட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்வோர் முதலில் கவனிக்க வேண்டிய பகுதி

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் செய்ய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒலியைப் பெருக்கும் சிப்பான ஐசிகளில் எது நல்லது என்பதுதான். டிடிஏ 2030, டிடிஏ 7294, எல்எம் 3886 ஆகியவற்றுள் எதை எடுத்தாலும், தரமான ஐசியாகப் பார்த்து வாங்கி, தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள சர்க்யூட்டை மாற்றாமல் கட்டினால், வீட்டுக் கூடத்துக்குத் தேவையான தெளிவான ஒலி கிடைத்துவிடும். ஆனால் பழுதுபார்க்க என்னிடம் வரும் கைவேலை ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனதற்குக் காரணம், டிரான்ஸ்பார்மரிலிருந்து கண்டென்சர் வரையுள்ள பவர் சப்ளையைக் கணக்குப் பார்க்காமல் கட்டியதே. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதியும் அதுதான்.

டிரான்ஸ்பார்மரின் மேல் 12-0-12 என்று எழுதியிருந்தால் ஐசிக்கு 12 வோல்ட்தான் போகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஏசியின் ஆர்எம்எஸ் அளவு, அதாவது உச்சத்தைவிடக் குறைவான பயனுறு அளவு. டையோடு பிரிட்ஜைக் கடந்து கண்டென்சரில் சேரும்போது அது 1.414 மடங்காகிறது; டையோடில் இழக்கும் ஏறத்தாழ ஒரு வோல்ட் போக, பிளஸ், மைனஸ் என ஒவ்வொரு பக்கத்திலும் 16 வோல்ட் (±16) நிற்கும். பாட்டு ஓடாமல் லோடு குறைவாக இருக்கும்போது சிறிய டிரான்ஸ்பார்மர்கள் எழுதியதைவிடப் பத்து சதவீதம் வரை கூடுதலாகத் தருவதும், இரவில் தெருவின் மின்பயன்பாடு குறைந்து 230 வோல்ட் சப்ளை 250-ஐத் தொடுவதும் சேர்ந்துகொண்டால், அதே டிரான்ஸ்பார்மர் ±19 வோல்ட்டைத் தாண்டிவிடும். டிடிஏ 2030 தாங்கும் உச்ச வரம்பு ±18 வோல்ட். ‘சும்மா ஆன் செய்து வைத்திருந்தேன், ஐசி போய்விட்டது’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறேன். ±22 வோல்ட் தாங்கும் டிடிஏ 2030ஏ-வைப் போடுவதும், 25 வோல்ட் கண்டென்சருக்குப் பதில் 35 வோல்ட் கண்டென்சரைப் போடுவதும் சில ரூபாய் வித்தியாசத்தில் முடிகிற வேலை.

வாட்ஸ் விஷயத்திலும் டிரான்ஸ்பார்மரே எல்லையை வகுக்கிறது. 12-0-12, 2 ஆம்பியர் என்றால் அதன் முழுத் திறன் 48 விஏ (வோல்ட்-ஆம்பியர்). இந்த ஐசிகளைப் போன்ற கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையரின் திறன் விகிதம் ஏட்டளவிலேயே 78.5 சதவீதத்தைத் தாண்டாது என்பதால், இரண்டு சேனலும் சேர்ந்து தொடர்ச்சியாக 30 வாட்ஸ் தந்தாலே அது நல்ல ஆம்ப்ளிஃபையர். கேபினெட்டில் ஒட்டும் 1000 வாட்ஸ் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகச் சொல்லப்படும் கண நேர உச்ச வாட்ஸ்) ஸ்டிக்கரால் இந்தக் கணக்கு மாறாது.

ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிடிஏ 2030, டிடிஏ 7294 இரண்டிலும் பின்புற உலோகப் பட்டை மைனஸ் சப்ளையோடு உள்ளேயே இணைந்திருக்கிறது. அதை அப்படியே ஹீட் சிங்கில் திருகி, ஹீட் சிங்கைக் கிரவுண்டோடு சேர்ந்த இரும்புக் கேபினெட்டில் பொருத்தினால் மைனஸ் சப்ளை நேராக ஷார்ட் ஆகும். ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மைகா தகடு, அதன் இரு பக்கமும் மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்ட், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ் ஆகிய மூன்றும் வேண்டும். மாட்டியபின் பட்டைக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, பஸ்ஸர் ஒலிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

சில காலத்துக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர், ‘தொட்டால் சுர்ரென்கிறது’ என்று சொல்லித் தம் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். சால்டரிங் வெகு நேர்த்தியாக இருந்தது. ஆனால் மெயின்ஸ் ஒயர் கேபினெட்டுக்குள் நுழையும் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லை. தகட்டின் கூரிய விளிம்பு ஒயரின் மேலுறையைத் தேய்த்து, செம்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு முள் பிளக் என்பதால் எர்த்தும் இல்லை. வால்யூமைத் திருகுகிற கை ஈரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று முள் பிளக், கேபினெட்டில் இறுகத் திருகிய எர்த் ஒயர், ஃபேஸ் ஒயரில் ஃபியூஸ், அதன்பின் சுவிட்ச், திறந்த முனைகள் அனைத்துக்கும் ஸ்லீவ் என்ற வரிசையில் எதையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் மின்கசிவைக் கண்டு சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது கூடுதல் பாதுகாப்பே தவிர, எர்த்துக்கு மாற்றாகாது.

கணினியை இணைத்தால் ஹம்மிங் (ஓயாத ‘உம்ம்’ இரைச்சல்) வருகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஹம்மிங் நிற்கும் என்பது உண்மைதான். அன்றிலிருந்து அந்தக் கேபினெட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. கண்டென்சர்களின் நடுப்புள்ளி, ஸ்பீக்கர் ரிட்டர்ன், இன்புட் கிரவுண்ட் ஆகியவற்றைத் தனித்தனி ஒயராகக் கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்ப்பதும், இன்புட் ஷீல்டு ஒயரை டிரான்ஸ்பார்மரிலிருந்து விலக்கி வைப்பதும் பெரும்பாலான ஹம்மிங்கைத் தீர்த்துவிடும். அதற்கு மேலும் மிஞ்சினால் இன்புட்டில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம். எர்த்தை மட்டும் தொடக் கூடாது.

முதன்முறை ஆன் செய்யும்போது 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டுக்கொள்ளுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. கண்டென்சர் நிரம்பும் கணத்தில் பல்பு பளிச்சிட்டு உடனே மங்கினால் சர்க்யூட் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட். பிறகு, ஸ்பீக்கர் இல்லாமலே அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். ±30 வோல்ட்டில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில் ஐசி ஷார்ட் ஆனால், அந்த முழு டிசியும் 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலில் பாய்ந்து, 100 வாட்ஸுக்கு மேல் வெறும் வெப்பமாக மாறி, காயிலைக் கருக்கித் தாள் கோனில் தீப்பிடிக்கவும் செய்யலாம். ஆகவே அந்த அளவு வோல்டேஜில் வேலை செய்பவர்கள், டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும், யுபிசி 1237 ஐசியும் ரிலேயும் கொண்ட ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டைச் சேர்க்காமல் கேபினெட்டை மூடவே வேண்டாம்.