புருவத்தில் குத்துவதும் பச்சைதான்

"மைக்ரோபிளேடிங் பச்சை இல்லையாம் டாக்டர், ஒன்றரை வருஷத்தில் தானாகப் போய்விடுமாம்." கருப்புப் புருவம் நீலச் சாம்பலாகத் திரிந்த பிறகு வருகிறவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். யார் சொல்லி அனுப்புகிறார்கள் இப்படி?

மைக்ரோபிளேடிங் என்பது நுண்ணிய பிளேடால் புருவத்தில் முடி போலக் கோடு கீறி நிறமியை ஏற்றுவது. தோலுக்குள் நிறமியை இறக்கினால் அது பச்சைதான். பிளேடால் கீறினாலும் மெஷினால் புள்ளி வைத்தாலும், 'செமி பெர்மனென்ட்' என்று பெயர் சூட்டினாலும் பச்சைதான். மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். ஒரு வருடம் நிறம் நிற்கிறதென்றால் அது உள்தோலில் இருக்கிறது. அங்கே போனதில் கொஞ்சம் மங்கும், மிச்சம் கிடக்கும். பாட்டிமார் கையில் குத்தியது பெரும்பாலும் கரிதான். ஆழத்தில் கிடப்பதால் பச்சையாகத் தெரிகிறது. கார்பன் கருப்பை ஆழமாக இறக்கினால் புருவத்துக்கும் அதே கதி.

போதுமான ஆழம் உள்தோலின் மேல்விளிம்பு. ரத்தம் ஊசிமுனை அளவு துளிர்க்கலாம். வழிந்தால் ஆழம் மீறிவிட்டது. தோலை இழுத்துப் பிடிக்காமல் கீறினால் கோட்டுக்குக் கோடு ஆழம் மாறும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினால் தழும்புதான். எண்ணெய்ப் பசைத் தோலில் மெல்லிய கோடுகள் கலங்கிப் பரவும். அப்படிப்பட்டவர்களுக்கு மெஷினால் புள்ளி வைத்து நிழல்போல் நிறமேற்றும் ஷேடிங்கே நல்லது. நிறம் பிடிக்காத இடத்தை ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் தொட வேண்டும்.

வலி தெரியாமலிருக்கப் பூசும் மரப்புக் கிரீமில் அலட்சியம் வேண்டாம். லிடோகெயின்–பிரிலோகெயின் கிரீம் காரத்தன்மை உடையது. கண்ணுக்குள் வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கும், மரத்திருப்பதால் உடனே எரிச்சலும் தெரியாது. 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் உள்ள கிரீம்களைக் கடையில் வாங்கிப் பூச வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024-ல் எச்சரித்தது.

புருவ வால் உதிர்கிறதா? தைராய்டு குறைவு, புழுவெட்டு, தொழுநோய் எதுவாகவும் இருக்கலாம். முதலில் காரணத்தைப் பாருங்கள், தயவுசெய்து நோயின் மேல் மை தீட்டாதீர்கள். வெண்புள்ளி, சொரியாசிஸ், கெலாய்டு எனும் தடித்து வளரும் தழும்பு உள்ளவர்களுக்குக் கீறிய இடத்திலேயே அது கிளம்பலாம். கர்ப்பிணிகளும் சர்க்கரை கட்டுப்படாதவர்களும் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புருவத்துக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

பிளேடு உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். நிறமியில் குழாய்த் தண்ணீர் கலந்தால் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் உள்ளே போகும். வாரங்கள் கழித்து முடிச்சாகக் கிளம்பும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். நாளாக ஆக வலி கூடினாலோ சீழ் வைத்தாலோ பார்லருக்குப் போகாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

கோணலாகிப்போன புருவத்தைத் தோல் நிற மையால் மறைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடும் இரும்பு ஆக்சைடும் பச்சையை அழிக்கும் லேசர் பட்டால் வெளுப்பதற்குப் பதில் கருத்துவிடக்கூடும். அதனால்தான் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே லேசர் வைக்கிறோம். நிறமிப் புட்டியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் குத்துவதற்கு முன்பே படமெடுத்து வையுங்கள். எங்களிடம் வரும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.