ஹால் ஆஃப் ஃபேம்: மண்டபமா, அரங்கமா?

ஒரு துறையின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் நினைவைப் போற்றும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ஹால் ஆஃப் ஃபேம் என்று பெயர். அமெரிக்க விளையாட்டுச் செய்தியைத் தமிழில் எழுத உட்காருகிறவர்களைக் கட்டாயம் ஒருமுறையாவது நிறுத்திவைக்கும் சொல் இது. புகழரங்கம், புகழ்க்கூடம், புகழவை, புகழ் மண்டபம் என்று எதை எழுதினாலும் ஒரு தயக்கம் மிஞ்சுகிறது. லிசா ஃபெர்னாண்டஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) வீராங்கனையைப் பற்றி எழுதினால் இந்தச் சொல் இரண்டு முறை வந்தாக வேண்டும். அவர் படித்த பல்கலைக்கழகமும் தேசிய அமைப்பும் தனித்தனியாக அவருக்கு இந்தச் சிறப்பைத் தந்திருக்கின்றன. அவரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காக 1990 முதல் 1993 வரை ஆடியவர். அவர் பந்து வீசியதில் 93 ஆட்டங்கள் வெற்றி, 7 மட்டுமே தோல்வி. 1990, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணி தேசியப் பட்டம் வென்றது. 1993இல் நாட்டிலேயே சிறந்த பந்துவீச்சுச் சராசரியும் அவருடையதுதான், சிறந்த மட்டைச் சராசரியும் அவருடையதுதான். அதிக விக்கெட்டும் அதிக ரன்னும் ஒரே ஆண்டில் ஒருவரே எடுத்ததைப் போல என்றால் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அதன் எடை புரியும். பிறகு 1996, 2000, 2004 ஒலிம்பிக்குகளில் அமெரிக்க அணியோடு மூன்று தங்கம்.

அவர் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் பிட்சர் என்று பெயர். நமக்கு பிட்ச் என்றால் கிரிக்கெட் ஆடுகளம்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்தவை: ஊன்று, நடு என்பது அதன் பழைய பொருள், எறி என்பது பின்னால் வந்து சேர்ந்தது. தமிழில் இந்தக் குழப்பம் தேவையில்லை. பேஸ்பாலில் கை தலைக்கு மேலிருந்து வருகிறது. கல்லெறிவது, வேலெறிவது போன்ற செயல் அது. சாஃப்ட்பாலில் தோளிலிருந்து கை ஒரு முழு வட்டம் சுழன்று கீழே இறங்க, இடுப்பருகே பந்து விரல்களை விட்டுப் பிரிகிறது. கைவீசி நடப்பதிலும் சாமரம் வீசுவதிலும் உள்ள அதே ‘வீசு’தான் இது. வீச்சாளர் என்ற சொல் கிரிக்கெட் பவுலரைவிட இவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பேன்.

இனி ஃபேம். லத்தீனில் ஃபாமா என்றால் ஊர்ப் பேச்சு. பேசு என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். வாயிலிருந்து வாய்க்குப் போவதே புகழ் என்று அந்த மொழி நினைத்திருக்கிறது. பழந்தமிழும் அப்படியே நினைத்தது. திருக்குறள் ‘இசைபட வாழ்தல்’ என்று சொல்லும் இடத்தில் இசை என்பது பாட்டைக் குறிக்காது, புகழைக் குறிக்கும். ஒலிக்கும் புகழுக்கும் ஒரே சொல்!

ஃபெர்னாண்டஸின் புகழும் இப்படிப் பேச்சில் வாழ்வதுதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 25 பேரைத் தன் வீச்சாலேயே ஆட்டமிழக்கச் செய்தார். ஆட்டம் 13ஆவது இன்னிங்ஸ் வரை, அதாவது இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும் 13ஆவது சுற்று வரை நீண்டது. அதுவரை எதிரணிக்கு ஒரு ஹிட் கூட (பந்தை அடித்துவிட்டு ஓடித் தளத்தை எட்டும் அடி) இல்லை. கடைசியில் ஒரே ஒரு அடி எல்லையைத் தாண்டிப் போய் விழுந்தது. 2–1 என்று அமெரிக்கா தோற்றது. ஏட்டில் அது தோல்வி. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 25ஐச் சொல்லாமல் விடுவதில்லை.

ஹால் என்ற பகுதிதான் சிக்கல். விளையாட்டு உலகுக்கு முன்பே இந்தப் பெயரை அமெரிக்காவில் பரப்பியது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அன்றைய வளாகத்தில் எழுந்த நினைவிடம். 1900இல் தோற்றுவிக்கப்பட்ட அதற்கு முன்மாதிரி, ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1853இல் கட்டி முடித்த ரூமஸ்ஹாலெ. ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கும் புகழ்க்கூடம் என்றே பொருள். இரண்டிலும் நான் கவனித்த ஒன்று: இவை நாற்புறமும் சுவர் எழுப்பி அடைத்த அறைகளாக இல்லை. வரிசையாகத் தூண்கள், மேலே கூரை, இடையிடையே பெரியவர்களின் மார்பளவுச் சிலைகள். நம் கோயில்களில் இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன பெயர்? மண்டபம்தானே! கல்யாண மண்டபம் மனத்தை மறைப்பதால் நாம் தயங்குகிறோம். அரங்கம் என்றால் ஆடும் இடம்; ஆடி ஓய்ந்தவர்களை நினைக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. அவை என்றால் கூடிப் பேசும் மக்கள். ஆகவே புகழ் மண்டபம் என்றே நான் எழுதுகிறேன்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘புகழ் மண்டபத்தில் நுழைந்தார்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘இன்டக்ட்’ என்ற சொல் லத்தீனில் ‘உள்ளே அழைத்துச் செல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. தாமாக யாரும் நுழைவதில்லை. தேர்ந்தெடுத்து, முறைப்படி அழைத்துச் சென்று அமர்த்துகிறார்கள். ‘இடம்பெற்றார்’ என்பது இந்த மரியாதையைச் சரியாகச் சொல்கிறது.

எழுதிப் பார்ப்போம்: ‘தான் படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற வீச்சாளர் லிசா ஃபெர்னாண்டஸ், 2013இல் ஓக்லஹோமா நகரில் உள்ள தேசிய சாஃப்ட்பால் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார்.’