மணி ஐகானை மாற்றும் முன்

பல மருத்துவச் செயலிகளுக்குப் பொதுவான டிசைன் சிஸ்டத்தில், அதாவது அவை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஐகான், பொத்தான் போன்றவற்றின் தொகுப்பில், வேலை செய்கிறேன். அங்கே ஐகான் தொகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே கோட்டின் தடிமன், 24 பிக்சல் கட்டம், மூலை வளைவு என்றுதான் போகிறது. அதெல்லாம் சுலபமான பகுதி. ஒவ்வொரு ஐகானும் என்ன அர்த்தத்தைச் சுமக்கிறது என்பதைக் காப்பதுதான் கஷ்டம். அதற்குத்தான் ஆள் ஒதுக்க வேண்டும்.

மணி ஐகானையே எடுத்துக்கொள்வோம். சாதாரணச் செயலியில் குறுக்கே கோடு போட்ட மணிக்கு 'அறிவிப்பு வேண்டாம்' என்று பொருள். ஆனால் மருத்துவக் கருவிகளின் அலாரத்துக்கென்றே ஐஇசி 60601-1-8 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் மணி சத்தத்தை மட்டும் குறிக்கும். அலாரத்தைக் குறிப்பது முக்கோணம். மணியின் மேல் முழுக்கோட்டில் பெருக்கல் குறி இருந்தால் சத்தம் அணைக்கப்பட்டிருக்கிறது. அதே குறி விட்டுவிட்டு வரும் கோட்டில் இருந்தால் சத்தம் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. முக்கோணத்துக்கும் இதே இரண்டு நிலைகள் உண்டு.

ஆக மொத்தம் நான்கு நிலைகள். பொதுவான ஐகான் தொகுப்பில் இவற்றுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 'பெல்-ஆஃப்' என்ற ஒரே படம். கண்காணிப்புத் திரையில் ஒரு டெவலப்பர் அதை எடுத்துப் போட்டுவிட்டால் நர்ஸ் என்னவென்று புரிந்துகொள்வார்? சத்தம் மட்டும் இல்லையா, அலாரமே இல்லையா? கட்டிலருகே ஒருவர் போய்ப் பார்ப்பதும் போகாமல் இருப்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

அதனால் பெயர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வடிவத்தைச் சொல்லும் பெயர் தொகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். செயலி டீம்களுக்கு 'அலாரம்-சத்தம்-இடைநிறுத்தம்' போல அர்த்தத்தைச் சொல்லும் பெயர் மட்டுமே கிடைக்க வேண்டும். இரண்டு அர்த்தங்களுக்கு இன்று ஒரே படம் போதும் என்றாலும் பெயர் இரண்டாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் திரை திரையாகத் தேட வேண்டியிருக்காது.

இதைவிட ஆபத்தானது, பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு அர்த்தமுள்ள படத்தை உள்ளே நுழைப்பது. எல்லோரும் செயலியை ஒரே நாளில் அப்டேட் செய்வதில்லை. ஒரே வார்டில் ஒரே நோயாளிக்கு இரண்டு ஃபோன்கள் இரண்டு விதமான படங்களைக் காட்டும். படத்தை மெருகேற்றுவது சின்ன மாற்றம், சரி. அர்த்தம் மாறினால் புதுப் பெயர் வேண்டும், பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்று எச்சரிக்கும் மேஜர் வெர்ஷன் எண்ணும் வேண்டும். ஓய்வு கொடுத்த பெயரைத் திரும்ப எடுக்கவே கூடாது.

அடுத்தது சிலுவை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருத்துவமனை அடையாளம் இல்லை. அது 1949 ஜெனீவா உடன்படிக்கை பாதுகாக்கும் சின்னம், நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்த அதில் தடை இருக்கிறது. முதலுதவிக்கு ஐஎஸ்ஓ 7010 என்ற பாதுகாப்புக் குறியீட்டுத் தரநிலை தருவது பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. அதைத் தொகுப்பில் சேர்த்தால் மட்டும் போதாது, நிறத்தையும் பூட்டுங்கள். மற்ற ஐகான்களைப் போல எழுத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும்படி விட்டால், ஏதோ ஒரு திரையில் அது சிவப்பாகிவிடும்.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல், அர்த்தம் சொல்லும் ஐகானுக்குப் பின்னணியோடு குறைந்தது 3:1 நிற வேறுபாடு கேட்கிறது. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் படிக்கும் பெயரை ஐகான் கோப்புக்குள் எழுதி வைக்காதீர்கள். மாத்திரைப் படம் ஓரிடத்தில் 'மருந்துப் பட்டியல்', இன்னோரிடத்தில் 'சாப்பிட்டுவிட்டேன்'. அந்தப் பெயரைப் பொத்தான்தான் தர வேண்டும்.

அப்புறம், புது ஐகானை டிசைனர்களிடம் மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். நர்ஸ்களிடமும் நோயாளிகளிடமும் உண்மையான திரையில் வைத்து, பக்கத்தில் எழுத்து இல்லாமல், "இதை அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். தவறாக வந்த பதில்களையும் அந்த ஐகானின் ஆவணத்தில் எழுதி வையுங்கள். பிறகு வேறொரு டீம் அதே படத்தை அதே வேலைக்குக் கேட்டு வரும்போது காட்டலாம்.